கொயினா மரம் கொணர்ந்த மார்க்கம்

நம் ஈஜிபுராத் தமிழ்க் குடும்பங்களிற் பல, கோடை விடுமுறையில் உதகைக்குச் செல்லுங்கால், மைசூர், கூடலூர் வழியே மலையேறி நடுவட்டத்தைக் கடப்பதுண்டு. இரு மருங்கும் தேயிலையே கண்ணுக்குத் தென்படும். ஆயின், அச்சரிவுகளில் ஒரு காலத்தில் வேறொரு மரம் செழித்திருந்தது. மலேரியாச் சுரத்தைத் தணிக்கும் கொயினா மருந்துக்குப் பட்டை தந்த சின்கோனா மரமே அது. அதனை இந்நாட்டிற்குக் கொணர முனைந்தவர் சர் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

அன்னார் 1830ஆம் ஆண்டில் யார்க்ஷயரில் ஒரு பாதிரியாரின் மகனாய்ப் பிறந்தார். பதினான்காம் வயதிற் கடற்படையிற் சேர்ந்தார். வடதுருவக் கடலிற் காணாமற்போன பிராங்க்ளினைத் தேடச் சென்ற கப்பலிலும் பணியாற்றினார். பின் அவ்வுத்தியோகத்தைத் துறந்து, பெரு நாட்டின் பழஞ்சரித்திரத்தை ஆராய அங்கே சென்றுவந்தார். இந்தியா ஆபீசில் எழுத்தராய் அமர்ந்த காலத்திலேதான் சின்கோனா அவர் சிந்தையைக் கவர்ந்தது.

அந்நாளிற் கொயினா தென்னமெரிக்கக் காடுகளிலிருந்தே வரவேண்டும். வரவு நிலையில்லை; விலையோ ஏழைக்கு எட்டாதது. அறுவடைக் காலத்திற் குடியானவன் நடுங்கிப் படுத்துவிட்டால், கஞ்சியும் போர்வையுமே அவனுக்குச் சிகிச்சை. இந்தியச் சிற்றூர்க் கடைகளிலும் இம்மருந்து மலிவாய்க் கிடைக்கவேண்டும் என்பது மார்க்கத்தின் கனவு. பட்டாளத்தின் மருந்துச் செலவைக் குறைக்கலாம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. இரண்டும் கூடியே 1859இல் அனுமதி பிறந்தது.

1860இல் அவர் பெருவின் கராவாயாக் காடுகளிற் புகுந்து கன்றுகளைத் திரட்டினார். அந்நாட்டார் தடுத்தனர். தம் செல்வம் கடல் கடந்து போவதை அவர்கள் வெறுத்ததிற் பிழையென்ன? அவரோ தப்பி வந்து கன்றுகளைக் கப்பலேற்றினார். பாவம், செங்கடலின் வெப்பத்தில் அவை வாடின; உதகை சேர்ந்தவையும் அநேகமாய்ப் பட்டுப்போயின. ஈக்வடாரில் ஸ்புரூஸ், கிராஸ் என்னும் இருவர் சேகரித்த செம்பட்டை இனமே நீலகிரியில் வேரூன்றியது. உதகைத் தோட்ட அதிகாரி மக்ஐவர் அதனைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பெருக்கினார். புகழ் மார்க்கத்துக்கு; உழைப்பிற் பெரும்பங்கு இவர்களுக்கு.

செம்பட்டையிற் கொயினாச் சத்துக் குறைவு. அதனோடு ஒத்த பிற சத்துக்களே மிகுதி. அவை பயன்படுமா என்றறிய 1866இல் குழுக்கள் அமைக்கப்பட்டன. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குமேல் சுரம் நீங்கிற்று. ஆகவே மலிவான மருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. எனினும் அது நாட்டுப்புறத்தானிடம் சேர நெடுங்காலமாயிற்று. 1892இல் வங்காளத்தில் ஜார்ஜ் கிங் என்பார் கொயினாப் பொட்டலத்தைத் தபாலாபீசுகளில் காலணாவுக்கு விற்கச் செய்தார். கார்டும் கவரும் விற்கும் பலகணியிலேயே மருந்து! மரத்தைக் கொணர்ந்ததினும் இது சிறிய செயலன்று என்பது என் கருத்து.

இதற்குள் சத்து மிகுந்த வேறோர் இனம் டச்சுக்காரர் கையில் ஜாவாவிற் பெருகிவிட்டது. அதன் விதையைத் திரட்டித் தந்த மமானி என்னும் பொலிவிய நாட்டுப் பழங்குடியாளர் சிறையில் வதைக்கப்பட்டு மாண்டார். விலை வீழவே, இலங்கைத் தோட்டக்காரர்கள் சின்கோனாவை விட்டுத் தேயிலைக்கு மாறினர். பிற்காலத்தில் உலகக் கொயினாவிற் பெரும்பகுதி ஜாவாவிலிருந்தே வந்தது. 1942இல் ஜப்பானியர் அத்தீவைப் பிடித்தபோது வரவு அற்றது. மறு ஆண்டு வங்கப் பஞ்சத்தில் மலேரியாவும் சேர்ந்து எண்ணற்றோரை மாய்த்தது.

அதனைக் காண மார்க்கம் இல்லை. ராயல் புவியியற் சங்கத்தின் தலைவராயிருந்து ஸ்காட்டின் தென்துருவப் பயணத்துக்குத் துணைநின்ற அவர், 1916 ஜனவரியில் கால மானார். மின்விளக்கு இருந்த வீட்டில், பழைய கப்பல் வழக்கப்படி தொங்குபடுக்கையிற் படுத்து மெழுகுவத்தி ஒளியிற் படித்துக்கொண்டிருந்தபோது தீப்பற்றியதே காரணம்.

நடுவட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையருகே ஒரு பழைய சிறைக்கூடம் நிற்கிறது. சின்கோனாத் தோட்டங்களில் வேலைவாங்கப்பட்ட சீனக் கைதிகளை அடைத்துவைத்த இடம் அது. அடுத்த முறை அவ்வழியே செல்லும் நண்பர்கள் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்கு அதனைக் காட்டலாம்.