டோக்கியோ தீர்ப்பாயத்தில் தனித்து நின்ற இந்திய நீதிபதி: யார் இந்த ராதாபினோத் பால்?

ஹைதராபாத்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த 11 நீதிபதிகளுள், குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட வேண்டும் என்று எழுதியவர் ஒருவரே. அவர் கல்கத்தாவைச் சேர்ந்த ராதாபினோத் பால். ஆக்கிரமிப்புப் போர் தொடுத்தவரை எந்தச் சட்டத்தின்கீழ் தண்டிப்பது, பாதிக்கப்பட்டோருக்கு யார் இழப்பீடு வழங்குவது என்ற வினாக்கள் உக்ரைன் போரால் மீண்டும் எழுந்துள்ள நிலையில், அவரது வாழ்க்கை புதிதாக வாசிக்கத்தக்கது.

கணிதத்திலிருந்து சட்டத்திற்கு:

1886ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி, இன்றைய வங்கதேசத்தின் குஷ்டியா பகுதியிலுள்ள சலிம்பூர் சிற்றூரில் பால் பிறந்தார். வறுமை சூழ்ந்த குடும்பம். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்று 1908இல் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், அலகாபாத்தில் கணக்குத் துறை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றியபடியே சட்டமும் படித்தார். பின்னர் மைமன்சிங் ஆனந்தமோகன் கல்லூரியில் ஏறத்தாழ பத்தாண்டுகள் கணித ஆசிரியராக இருந்தார். தீர்ப்புரையில் ஒவ்வொரு படியையும் நிறுவிய பின்னரே அடுத்த படிக்குச் செல்லும் அவரது வழக்கத்தில் அந்தப் பழைய கணித ஆசிரியரைக் காண முடிகிறது.

1924இல் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவரது ஆய்வு மனுஸ்மிருதிக்கு முந்தைய இந்து சட்டத் தத்துவத்தைப் பற்றியது. கல்கத்தா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிப் பேராசிரியர், வருமான வரிச் சட்ட வல்லுநர், 1941 முதல் 1943 வரை கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி, 1944 முதல் 1946 வரை பல்கலைக்கழகத் துணைவேந்தர் என அவரது உயர்வு சீரானது. உலகப் புகழுக்கான அறிகுறி எதுவும் அதுவரை தென்படவில்லை.

டோக்கியோவில் இந்திய இருக்கை:

1946 ஜனவரியில் நேச நாட்டுப் படைத் தலைவர் மெக்கார்தரின் அறிவிப்பால் டோக்கியோ தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. முதல் ஏற்பாட்டில் நீதிபதி இருக்கைகள் ஒன்பது நாடுகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. இந்தியாவும் பிலிப்பைன்ஸும் ஏப்ரலில்தான் சேர்க்கப்பட்டன. சுதந்திரம் பெறாத ஒரு நாட்டின் நீதிபதியாகவே பால் அங்கு சென்றார். வழக்குத் தொடுத்த தரப்பிலும் இந்தியக் குரல் இருந்தது. சென்னை வழக்கறிஞர் பி.கோவிந்த மேனன் இந்தியாவின் சார்பில் வாதிட்டார். அவர் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதியானார்.

குற்றஞ்சாட்டப்பட்டோர் 28 பேர். விசாரணையின்போது இருவர் இறந்தனர்; ஒருவர் மனநலக் குறைவால் விலக்கப்பட்டார். எஞ்சிய 25 பேரையும் குற்றவாளிகள் என 1948 நவம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு அறிவித்தது. முன்னாள் பிரதமர் டோஜோ உள்ளிட்ட ஏழு பேர் டிசம்பர் 23ஆம் தேதி தூக்கிலிடப்பட்டனர். பேரரசர் ஹிரோஹிட்டோ மீது வழக்கே தொடரப்படவில்லை.

மனைவியின் உடல்நலக் குறைவால் இடையிடையே தாயகம் திரும்ப நேர்ந்ததால், பால் பல அமர்வுகளில் கலந்துகொள்ளவில்லை. எனினும் 1,200 பக்கங்களைக் கடந்த மாறுபட்ட தீர்ப்பை அவர் எழுதி முடித்தார். பிரான்ஸ், நெதர்லாந்து நீதிபதிகளும் மாறுபட்டனர். ஆனால் அவர்கள் பால் அளவுக்குச் செல்லவில்லை.

அவரது வாதத்தின் அடித்தளம் எளிமையானது. ஒரு செயல் நிகழ்ந்தபோது அது குற்றமாக இருந்திருக்க வேண்டும். 1928ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் போரைக் கைவிடுமாறு நாடுகளைக் கேட்டது. ஆனால் எது தற்காப்பு என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ள இடமளித்தது. அதை மீறிய தனிமனிதருக்குத் தண்டனை எதையும் வகுக்கவில்லை. ஆகவே வென்றவர்கள் பின்னர் எழுதிய சட்டத்தைக் கொண்டு தோற்றவர்களைத் தண்டிப்பது நீதியாகாது என்றார் பால். ஆசியாவைப் போரால் கைப்பற்றி ஆண்ட நாடுகளே ஆக்கிரமிப்புக்குத் தீர்ப்பு வழங்குவதையும், அணுகுண்டு வீச்சு விசாரணைக்கு வராததையும் அவர் சுட்டிக்காட்டினார்.

தமிழர் குருதி படிந்த ரயில் பாதை:

பால் ஜப்பானியக் கொடுமைகளை மறுத்தவர் அல்லர். நான்கிங்கில் அட்டூழியங்கள் நடந்தன என்பதற்கான சான்று வலுவானது என்பதை அவர் ஏற்றார். கூண்டில் நின்ற தலைவர்கள் அவற்றுக்கு ஆணையிட்டார்கள் அல்லது வேண்டுமென்றே தடுக்கத் தவறினார்கள் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே அவரது முடிவு.

தமிழ் வாசகரை உறுத்தும் பகுதி வேறொன்று. சயாம்–பர்மா ரயில் பாதைப் பணியில் போர்க்கைதிகளை ஈடுபடுத்தியது விதிமீறல் என்றும், அதற்கு டோஜோ பொறுப்பு என்றும் பால் ஒப்புக்கொண்டார். ஆயினும் அது அரசின் செயல்; தனிமனிதக் குற்றமாகாது என்று விலக்கினார். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையில், போர்க்கைதிகளுடன் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் காலராவாலும் பசியாலும் மடிந்தனர். பாலின் தர்க்கம் சட்டப்படி எவ்வளவு சீரானதாயினும், இந்த இடத்தில் அது இறந்தவர்களுக்கு எதையும் விட்டுவைக்கவில்லை. அரசின் செயல் என்றால், அரசாவது ஈடு செய்திருக்க வேண்டும்.

அதுவும் நடக்கவில்லை. 1951இல் நடைபெற்ற சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. 1952 ஜூன் 9ஆம் தேதி ஜப்பானுடன் தனி ஒப்பந்தம் செய்து, இழப்பீட்டு உரிமை முழுவதையும் கைவிட்டது. இந்தியாவிலிருந்த ஜப்பானியச் சொத்துகளைத் திருப்பித் தரவும் இசைந்தது. அந்தமான் தீவுகள் மூன்றாண்டுகளுக்கு மேல் ஜப்பானியர் பிடியில் வாடியிருந்தன. விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் 1942 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு உள்ளாகியிருந்தன. இலங்கையும் இழப்பீடு கோரவில்லை. பர்மாவும் பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும் பேசிப் பெற்றன. மலேசியாவுடன் 1967இல் ஏற்பட்ட உடன்பாடு 2.5 கோடி மலேசிய டாலர் மதிப்புள்ள பொருள்களாகவும் சேவைகளாகவும் அரசுக்கே சென்றது. ரயில் பாதையில் தந்தையை இழந்த தோட்டக் குடும்பத்தின் வாசலுக்கு அது வரவில்லை.

தீர்ப்புக்குப் பின்:

பாலின் தீர்ப்பு நீதிமன்றத்தில் வாசிக்கப்படவில்லை. அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிந்த 1952இல்தான் அதன் பகுதிகள் ஜப்பானிய மொழியில் நூலாயின. முழு உரை அடுத்த ஆண்டு கல்கத்தாவில் வெளியானது. அது அரசின் கருத்தன்று என நேரு அரசு விலகி நின்றது. 1952இல் ஹிரோஷிமா சென்ற பால், அங்குள்ள நினைவுக்கல்லில் பிழை செய்தவர் யார் என்பது ஏன் கூறப்படவில்லை என்று வினவி, அங்கும் ஒரு விவாதத்தைத் தொடங்கி வைத்தார்.

அதே ஆண்டு ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையத்தில் உறுப்பினரானார். 1966 வரை அதில் நீடித்து, இருமுறை தலைமையும் வகித்தார். சர்வதேசக் குற்றவியல் சட்டம் இல்லை என்று எழுதியவர், சர்வதேசச் சட்டத்தைத் தொகுக்கும் பணியில் பதினான்கு ஆண்டுகளைச் செலவிட்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1959இல் பத்ம விபூஷண் விருதும், 1966இல் ஜப்பானியப் பேரரசரின் உயரிய விருதும் பெற்றார். 1967 ஜனவரி 10ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார்.

அவர் இல்லை என்று கூறிய வரையறையை ஐ.நா. பொதுச்சபை 1974இல் ஏற்றது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு ஆக்கிரமிப்புக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அந்த நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தில் இந்தியா இன்றுவரை இணையவில்லை. உக்ரைனில் நேர்ந்த சேதங்களுக்கான பதிவேட்டை ஐரோப்பிய கவுன்சில் 2023இல் தொடங்கியது.

டோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் 2005இல் பாலுக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. 2007இல் கொல்கத்தா வந்த ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே, பாலின் மகனைச் சந்தித்தார். ஜப்பான் குற்றமற்றது என்பதற்கு அவரது தீர்ப்பை மேற்கோள் காட்டும் ஜப்பானிய வலதுசாரிகள், நான்கிங் குறித்து அவர் எழுதிய பக்கங்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை.