மலைக்கு ஆப்பிள் தந்த சத்தியானந்தர்

ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியில், மாலையில் கம்பெனி ஷிப்ட் முடிந்ததும் ரோடே ஜேஜே என்று இருக்கும். ரோட்டோரத் தள்ளுவண்டிகளில் பழங்கள் குவிந்து கிடக்கும். நடுவில் சிவப்புச் சிவப்பாக ஆப்பிள்! வேலை முடிந்து வரும் அப்பாவோ, அம்மாவோ நமக்காக அரைக் கிலோ வாங்கி வருவதும் உண்டு.

குட்டீஸ், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கு திரும்பினாலும் மாந்தோப்புதான். ஆனால், ஆப்பிள் தோப்பை இங்கே பார்த்திருக்கிறீர்களா? இருக்காது. நம் நாட்டு ஆப்பிளில் பெரும்பகுதி வெகு தூரத்தில் உள்ள இமயமலைச் சரிவுகளில் விளைகிறது. அங்கே சிம்லா பக்கத்து மலை மக்களுக்கு இனிப்பு ஆப்பிளை அறிமுகம் செய்தவர் ஓர் அமெரிக்கர். அவர்தான் சாமுவேல் இவான்ஸ் ஸ்டோக்ஸ்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

ஸ்டோக்ஸ் 1882ம் ஆண்டு ஆகஸ்ட் 16ந் தேதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். அப்பா பெரிய தொழிலதிபர். லிப்ட் தயாரிக்கும் கம்பெனி நடத்தி வந்தார். மகன் நினைத்திருந்தால் சொகுசாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், அவர் மனம் அதில் ஒட்டவில்லை.

1904ல், 21 வயதில் கப்பல் ஏறி இந்தியா வந்தார். சிம்லா மலையில் சபாத்து என்ற ஊரில் தொழுநோயாளிகளுக்கான இல்லம் இருந்தது. தொழுநோய் என்றாலே மக்கள் பயந்து ஒதுங்கிய காலம் அது. ஸ்டோக்ஸ் அங்கே தங்கி நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். அடுத்த ஆண்டு காங்கிரா பள்ளத்தாக்கில் பெரிய பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அங்கும் ஓடிப்போய் உதவினார்.

பிறகு கோட்கர் என்ற மலைக் கிராமப் பகுதியில் வாழத் தொடங்கினார். 1912ல் அந்தப் பகுதியைச் சேர்ந்த ஆக்னஸ் என்ற பெண்ணைத் திருமணம் செய்து கொண்டார். பழைய தேயிலைத் தோட்டம் ஒன்றை வாங்கி, மலை விவசாயிகளில் ஒருவராகவே ஆகிவிட்டார்.

புளிப்பு ஆப்பிளும் இனிப்பு ஆப்பிளும்

கோட்கர் மக்கள் ஏழைகள். சரிவில் சின்னச் சின்ன வயல்கள். அதில் விளையும் தானியம் வீட்டுக்கே போதாது. இதற்கு என்ன வழி என்று ஸ்டோக்ஸ் யோசித்தார்.

ஆப்பிள் அந்த மலைகளுக்குப் புதிதல்ல. 1870ம் ஆண்டிலேயே கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர், குலு பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டம் போட்டிருந்தார். ஆனால், அவை இங்கிலாந்து ரகங்கள், புளிப்பானவை. மாம்பழம் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்குப் புளிப்பு ஆப்பிள் பிடிக்குமா?

அமெரிக்கா போயிருந்தபோது, 'ரெட் டெலிஷியஸ்' என்ற ரகம் ஸ்டோக்ஸ் கண்ணில் பட்டது. நல்ல சிவப்பு, நல்ல இனிப்பு. சில கன்றுகளை வாங்கி வந்து, 1916ல் தன் நிலத்தில் நட்டார்.

கன்றுகளை ஏன் சுமந்து வர வேண்டும்? பழத்தைத் தின்று விட்டு விதையைப் போட்டால் போதாதா? போதாது குட்டீஸ்! ஆப்பிள் விதையை நட்டால், அதே சுவையுள்ள பழம் கிடைக்காது. தாய் மரம் இனிப்பாக இருந்தாலும், பிள்ளை மரம் புளிப்பாகக் காய்க்கலாம். அதனால், நல்ல மரத்தின் சின்னக் குச்சியை வெட்டி, வேரோடு இருக்கும் இன்னொரு செடியில் பொருத்திக் கட்டி வளர்ப்பார்கள். இதுதான் ஒட்டுக்கன்று. நம் ஊர் மாங்கன்று நர்சரிகளில் செய்வதும் இதேதான்.

1921ல் ஸ்டோக்சின் அம்மா, 'கோல்டன் டெலிஷியஸ்' என்ற மஞ்சள் ஆப்பிள் கன்றுகளை அவருக்குப் பரிசாக அனுப்பினார். அது எவ்வளவு நல்ல பரிசு தெரியுமா? ரெட் டெலிஷியஸ் பூ, தன் இனத்து மகரந்தத்தை மட்டும் வைத்துச் சரியாகக் காய்க்காது. வேறு ரக ஆப்பிளின் மகரந்தம் வேண்டும். தேனீக்கள்தான் அதைச் சுமந்து வரும். மஞ்சள் ஆப்பிள் மரம் பக்கத்தில் இருந்தால், சிவப்பு ஆப்பிள் மரம் நன்றாகக் காய்க்கும்.

காத்திருந்த ஆண்டுகள்

ஆனால், ஆப்பிள் இன்று நட்டு நாளை பறிக்கிற பயிர் அல்ல. நன்றாகக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த வயலில் தானியம் குறைந்தால் குழந்தைகளுக்குச் சோறு போடுவது எப்படி? ஒருவேளை மரம் காய்க்காமலே போய்விட்டால்? ஏழை விவசாயிகள் தயங்கியதில் தப்பே இல்லை.

அதனால், ஸ்டோக்ஸ் முதலில் தன் நிலத்திலேயே வளர்த்துக் காட்டினார். 1926ல் அவர் தோட்டத்து ஆப்பிள் விற்பனைக்கு வந்தது. நல்ல விலை கிடைப்பதைப் பார்த்ததும் மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது. ஸ்டோக்ஸ் அவர்களுக்குக் கன்றுகளை இலவசமாகக் கொடுத்தார். வளர்க்கும் முறையைச் சொல்லித் தந்தார். விற்கவும் உதவினார். ரகசியத்தைத் தனக்குள்ளேயே வைத்திருந்தால் அவர் ஒருவர் மட்டும் பணக்காரர் ஆகியிருப்பார். ஊர் அப்படியே இருந்திருக்கும்.

சிறைக்குச் சென்ற அமெரிக்கர்

இடையில் இன்னொரு போராட்டமும் நடந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் மலைக்கு வந்தால், கிராமத்தினர் தங்கள் வேலையைப் போட்டு விட்டு அவர்களது மூட்டை முடிச்சுகளைச் சுமக்க வேண்டும். 'பேகார்' எனப்படும் கட்டாய வேலை அது. ஸ்டோக்ஸ் மக்களைத் திரட்டி எதிர்த்தார். 1921ல் கோட்கரில் அந்தக் கொடுமை ஒழிந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் ஆங்கிலேய அரசு அவரைக் கைது செய்தது. காந்தியடிகளின் வழியில் கதர் உடுத்தி, காங்கிரசில் சேர்ந்து சுதந்திரத்துக்குக் குரல் கொடுத்ததுதான் அவர் செய்த குற்றம். ஆறு மாதம் சிறைத் தண்டனை. வெள்ளைக்காரர் ஒருவர் இந்தியாவுக்காகச் சிறையில் இருந்ததைக் கண்டு நாடே வியந்தது.

சொந்த வாழ்க்கையிலும் பெரிய துயரம் வந்தது. தாரா என்ற அவரது மகன், எட்டு வயதில் நோயால் இறந்து போனான். ஸ்டோக்ஸ் உடைந்து உட்கார்ந்து விடவில்லை. 1924ல் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கி, அதற்கு மகன் பெயரையே வைத்தார்.

1932ல் இந்து மதத்தைத் தழுவி, சத்தியானந்தர் என்று பெயர் வைத்துக் கொண்டார். 1946 மே 14ந் தேதி காலமானார். அடுத்த 15 மாதத்தில் இந்தியா விடுதலை பெற்றது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால், அவர் பழக்கிய ஆப்பிள் மலை மலையாகப் பரவியது. இன்று இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேல் ஆப்பிள் தோட்டங்கள் உள்ளன.

நம் ஊரில் ஏன் இல்லை?

ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் இலையை உதிர்த்து விட்டுத் தூங்கும். ரெட் டெலிஷியஸ் போன்ற ரகங்களுக்கு ஏழு டிகிரிக்கும் குறைவான குளிர், சுமார் ஆயிரம் மணி நேரம் வேண்டும். போதிய குளிர் பட்டால்தான், வசந்த காலத்தில் விழித்து வெள்ளையும் ரோஸுமாகப் பூக்கும். பூத்த நான்கைந்து மாதத்தில் பழம் பழுக்கும். ஓசூர் குளுகுளு ஊர்தான். ஆனாலும் அந்த அளவுக்குக் குளிர் ஏது? இப்போது 'அன்னா' போன்ற, குறைந்த குளிரே போதும் என்கிற ரகங்களும் உண்டு.

அடுத்த முறை ஆப்பிள் வாங்கினால், நெட்டுக்கு வெட்டாமல் குறுக்காக வெட்டித் தரச் சொல்லுங்கள். நடுவில் ஐந்து முனையுள்ள அழகான நட்சத்திரம் தெரியும். ஒவ்வொரு முனையிலும் விதை இருக்கும். எண்ணிப் பாருங்கள். கன்றைச் சுமந்து கடல் தாண்டி வந்த சத்தியானந்தரையும் நினைத்துக் கொள்ளுங்கள். முக்கியமான விஷயம், அவரைப் போலவே பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு துண்டு கொடுத்துச் சாப்பிடுங்கள்!