கனவு கண்ட விஞ்ஞானி ஆட்டோ லோவி

1940-ம் ஆண்டு. நியூயார்க் துறைமுகம்.

கப்பலில் வந்த பெரியவர் ஒருவர், குடியேற்ற அலுவலகத்தில் தம் டாக்டர் சான்றிதழைக் கொடுத்தார். வயது ஏறக்குறைய 67. குமாஸ்தா வேறு வேலையில் இருந்தபோது, மேஜையில் கிடந்த அந்தத் தாளை ஓரக்கண்ணால் படித்தார். திடுக்கிட்டார்.

முதுமையால் தளர்ந்தவர், சம்பாதித்துப் பிழைக்க முடியாதவர் என்று அதில் எழுதி இருந்தது!

திருப்பி அனுப்பிவிட்டால்? மீண்டும் இட்லரின் பிடியில் சிக்கவேண்டியதுதான். நல்ல வேளை, அந்தத் தாளை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அவரை உள்ளே விட்டார்கள்.

அந்தப் பெரியவர்தான் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஆட்டோ லோவி. முதுமையில் வரும் மறதி நோய்க்கு இன்று டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரைகளுக்கு வழி திறந்தவர் அவர்!

ஒயின் வியாபாரி மகன்

லோவி 1873-ம் ஆண்டு ஜுன் 3-ந் தேதி ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் பிறந்தார். யூதர். தந்தை ஒயின் வியாபாரி.

ஓவியக் கலையின் வரலாற்றைப் படிக்கவே லோவிக்கு ஆசை. வீட்டாரோ, டாக்டருக்குப் படி என்றார்கள். படித்தார். ஆனால் மருத்துவ வகுப்பை விட்டுவிட்டு, கலை வகுப்பில் போய் உட்கார்ந்துகொள்வார்! தட்டுத்தடுமாறித்தான் தேறினார்.

ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தார். காச நோயிலும், நிமோனியாவிலும் மக்கள் மடிந்ததைப் பார்த்தார். அந்த நாளில் அவற்றுக்கு மருந்து கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்க அவருக்கு மனம் வரவில்லை. மருந்து ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1909-ல் ஆஸ்திரியாவில் கிராஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

நள்ளிரவுக் கனவு

நரம்பு எப்படி இதயத்துக்குக் கட்டளை கொடுக்கிறது? மின்சாரம் மூலமா? அல்லது ஏதாவது ரசாயனப் பொருள் மூலமா? அந்தக் காலத்தில் இது பெரிய விவாதம்.

ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி, ஓர் இரவு லோவி ஒரு கனவு கண்டார். விழித்ததும் ஒரு துண்டுத் தாளில் கிறுக்கி வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் பார்த்தால், தம் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை! பகல் முழுதும் தவித்தார்.

மறுநாள் இரவு 3 மணிக்கு அதே கனவு திரும்ப வந்தது. இந்தத் தடவை அவர் தாளைத் தேடவில்லை. நேரே ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடினார்.

இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்தார். ஒன்றில் நரம்பு இருந்தது, மற்றதில் இல்லை. உப்புக் கரைசலில் இரண்டும் துடித்துக்கொண்டு இருந்தன. முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார். துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தில் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயத்திலும் துடிப்பு குறைந்தது!

நரம்பில் இருந்து ஏதோ ஒரு பொருள் கசிகிறது என்பது விளங்கிவிட்டது. 1921-ல் இதை வெளியிட்டார். அந்தப் பொருளின் பெயர் அசிட்டைல் கோலின் என்பது பிறகு தெரிந்தது.

விஷக் கொட்டை

அந்தப் பொருள் நொடியில் மறைந்துவிடுகிறதே, ஏன்?

1926-ல் லோவியும், அவருடன் வேலை செய்த நவ்ராட்டிலும் விடை கண்டார்கள். உடம்பில் உள்ள ஒரு என்சைம் அதை அழித்துவிடுகிறது. கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடுவது போல.

கிழிக்கும் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு மருந்து உண்டு என்றும் காட்டினார்கள். அதன் பெயர் பைசோஸ்டிக்மின். மேற்கு ஆப்பிரிக்காவில் கலபார் என்ற பகுதியில் கிடைக்கும் விஷக் கொட்டையில் இருப்பது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அங்கே முன்பு இந்தக் கொட்டையைக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி. செத்தால் குற்றவாளி! அப்படிப்பட்ட கொட்டைதான் பின்னால் மருந்துக்கு வழி காட்டியது.

சிறையில் ஒரு தபால் கார்டு

1936-ல் லோவிக்கும், இங்கிலாந்து விஞ்ஞானி என்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டே ஆண்டுகளில் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் புகுந்தார்கள். நள்ளிரவில் துப்பாக்கியோடு வந்து லோவியைப் பிடித்துப் போனார்கள். தம்மைக் கொன்றுவிடுவார்கள் என்றே அவர் நினைத்தார். கெஞ்சிக் கேட்டு ஒரு தபால் கார்டு வாங்கினார். வீட்டாருக்கு எழுதவா? இல்லை. தம்முடைய கடைசி ஆராய்ச்சியின் முடிவை எழுதி ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பினார். அது தம்மோடு அழிந்துவிடக் கூடாதாம்!

நோபல் பரிசுப் பணத்தை நாஜிகள் சொன்ன பாங்கியில் கட்டிய பிறகே நாட்டை விட்டுப் போக விட்டார்கள். மனைவியால் 1941-ல்தான் அவரிடம் போய்ச் சேர முடிந்தது.

பிழைக்க முடியாதவர் என்று எழுதப்பட்ட அந்தப் பெரியவர், அமெரிக்காவில் மேலும் 21 ஆண்டுகள் வாழ்ந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1961 டிசம்பர் 25-ந் தேதி 88-வது வயதில் காலமானார்.

மறதிக்கு மாத்திரை

பெற்ற பிள்ளையின் பெயரைக்கூட மறக்கச் செய்யும் அல்சைமர் நோயில், மூளையில் அசிட்டைல் கோலின் குறைந்துபோகிறது என்பது 1970-களில் தெரியவந்தது. கடிதமே குறைவு என்றால், வந்த கடிதமாவது கிழியாமல் இருக்கட்டுமே? லோவி காட்டிய அதே வழி!

1993-ல் டாக்ரின் என்ற மருந்து வந்தது. அது கல்லீரலைக் கெடுத்ததால் கைவிடப்பட்டது. 1996-ல் டோனபெசில் வந்தது. கலபார் கொட்டை மருந்தைப் பின்பற்றிச் செய்த ரிவாஸ்டிக்மினும் வந்தது. இவை நோயைக் குணப்படுத்துவது இல்லை. சிலருக்கு மறதியைச் சிறிது காலம் மட்டுப்படுத்தும், அவ்வளவே. மூளைச் செல்கள் மடிவதை இவை தடுப்பது இல்லை.

இந்த மாத்திரை சாப்பிடும் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். சிலருக்கு நாடித்துடிப்பு குறையும். அதனால் டாக்டர்கள் நாடியைக் கவனித்துக்கொள்கிறார்கள். அன்று தவளையின் இதயத்தைத் தாமதப்படுத்திய அதே பொருளின் வேலைதான் அது.