பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர்

அருப்புக்கோட்டையினின்றும் விருதுநகருக்குச் செல்லும் பெருவழியில் பாலவநத்தம் என்னும் ஊர் உளது. அதனைச் சூழ்ந்த நாடு வானம் பார்த்த பூமி. திருச்சுழியை அடுத்து ஓடும் குண்டாறும் மழைக்காலத்தில்தான் நீரைக் காணும். கண்மாய் பெருகினால் நெல் விளையும். பெருகாத ஆண்டில் கரிசலில் விதைத்த பருத்தியும் கம்புமே குடிகளைக் காக்கும். இந்நிலத்தின் ஜமீன்தாராக இருந்து, தம் பொருளையும் வாழ்நாளையும் தமிழ்நூல்களைத் தேடித் தொகுப்பதிலும் அவற்றைக் கற்பார்க்கு எட்டச் செய்வதிலும் செலவிட்டவர் பொ. பாண்டித்துரைத் தேவர்.

இவர் 1867-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பொன்னுச்சாமித் தேவர், ஆறுமுக நாவலர் பழைய நூல்களைப் பதிப்பித்தபோது பொருள் உதவிய பெருமகனார். தந்தையாரை இளமையிலேயே இழந்த பாண்டித்துரையார் அழகர்ராசு என்னும் புலவரிடம் தமிழ் பயின்றார், ஆங்கிலமும் கற்றார். பதினேழாம் வயதில் ஜமீன் பொறுப்பை ஏற்றார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் இவரும் உடன்பிறந்தார் மக்கள். ஒருவர் தொடங்கும் நற்செயலுக்கு மற்றவர் துணையாக நின்றனர். உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்து அச்சிட்டபோது கைகொடுத்த வள்ளல்களுள் தேவரும் ஒருவர்.

தேவர் ஒருமுறை மதுரையில் சொற்பொழிவாற்றச் சென்றிருந்தார். பேசுதற்குமுன் திருக்குறளையும் கம்பராமாயணத்தையும் புரட்டிப் பார்க்க விரும்பி, அவற்றைக் கொணருமாறு பணித்தார். ஊரெங்கும் தேடியும் அந்நூல்கள் எளிதிற் கிட்டவில்லை என்பர். தமிழுக்குத் தலைநகர் என்று போற்றப்படும் மதுரையிலேயே குறளுக்குப் பஞ்சமாயின், சிற்றூர்களின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. இந்நிகழ்ச்சி அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

மற்றொரு வரலாறும் தமிழுலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. தமிழ் கற்ற ஆங்கிலேயர் ஒருவர், குறட்பாக்கள் சிலவற்றில் எதுகை சரியாக அமையவில்லை என்று கருதி, வள்ளுவர் சொற்களையே மாற்றித் திருக்குறளை அச்சிட்டு வெளியிட்டார். எச்சம் என்றிருந்த ஓரிடத்தில் எதுகைக்காக மக்கள் என்று வைத்தார் என்பர். எச்சம் என்பது ஒருவன் உலகில் விட்டுச்செல்லும் புகழ் முதலிய யாவற்றையும் குறிக்கவல்லது. மக்கள் என்றதும் பொருள் சுருங்கிவிடுகின்றது. செய்தியறிந்த தேவர், விற்பனையாகாது எஞ்சியிருந்த படிகள் அனைத்தையும் விலைகொடுத்து வாங்கித் தீயிலிட்டார் என்று கூறுவர். நூலை எரிப்பது யார் செய்யினும் கடுஞ்செயலே. ஆயினும் அக்காலத்து நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கையிலிருக்கும் பாடத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மாணவனுக்கு வேறு படி இல்லை. கேட்டறியப் பக்கத்தில் நூல்நிலையமும் இல்லை. அச்சில் வந்ததே உண்மை என்று அவன் நம்பிவிடுவான். ஒரு பிழைநூலைப் பணங்கொடுத்து மறைத்துவிடலாம். அடுத்த பிழைநூல் வாராமல் தடுக்க எவராலும் இயலாது. கற்பவன் தானே ஒப்புநோக்கி உண்மை காணும் நிலை வரவேண்டும். தேவர் பின்னர்ச் செய்த பணிகள் யாவும் இந்நிலையை உண்டாக்கவே பயன்பட்டன.

1901-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. பாண்டியன் புத்தகசாலை என்னும் நூல்நிலையம் அமைந்தது. அச்சு நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அதில் திரட்டி வைக்கப்பெற்றன. சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை மாணவர்க்குத் தமிழ் கற்பித்தது. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகள் நடைபெற்றன. 1902-இல் செந்தமிழ் என்னும் திங்களிதழ் வெளிவரலாயிற்று. இரா. இராகவையங்கார் அதன் முதல் ஆசிரியர், அவரையடுத்து மு. இராகவையங்கார் அப்பொறுப்பை ஏற்றார்.

பழைய உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டும்போது, பாட்டின் ஓரடியைச் சொல்லி, நூற்பெயரைச் சொல்லாமலே விட்டுவிடுவது பெருவழக்கு. கற்றோர் அனைவரும் பாடல்களை மனப்பாடம் செய்திருந்த காலத்தில் அதனால் குறைவில்லை. ஓரடி கேட்டதும் நூல் இன்னதென்று உணர்ந்துகொள்வர். மனப்பாட வழக்கம் தளர்ந்தபின் புதிய மாணவன் திகைத்தான். இவ்வடி எந்நூலினது, எவ்விடத்தது, யார் பாடியது என்று தேடிக் காணப் பல நூல்கள் ஒருங்கே இருக்கும் இடம் அவனுக்கு வேண்டியதாயிற்று. தேவரும் பல நூல்களைக் கற்று, அவற்றினின்றும் சிறந்த பாடல்களைத் தேர்ந்து பன்னூற்றிரட்டு என்னும் தொகைநூலைத் தொகுத்தவர். ஆதலின் தேடித் தொகுப்பதன் அருமையை அவர் நன்கறிவார்.

இக்காலத்துப் பல்கலைக்கழக மாணவர்க்கு இத்தொல்லை வேறு வடிவில் வந்திருக்கின்றது. பழந்தமிழ் நூல்கள் பல, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கணினி வழியே கிடைக்கின்றன. ஜொட்டீரோ முதலிய கருவிகள், படித்த நூலின் ஆசிரியர், பெயர், பதிப்பாண்டு ஆகியவற்றைக் குறித்து வைத்து, கட்டுரை எழுதும்போது மேற்கோட் பட்டியலை நொடியில் அமைத்துத் தருகின்றன. முன்னோர் ஓலைநறுக்கிலும் தாளிலும் செய்த வேலை இது. ஆனால் பிழையான ஆண்டை உள்ளிட்டால் பிழையான ஆண்டையே கருவி திருப்பித் தரும். மேற்கோள் அந்நூலில் அவ்விடத்தில் உண்மையாகவே உள்ளதா என்பதை மாணவனே நூலைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

தேவர் செய்த உதவிகளுள் தலையாயது அபிதான சிந்தாமணியின் வெளியீடு. சென்னையில் பச்சையப்பன் பள்ளியில் தமிழ்ப் புலவராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார், தமிழ் நூல்களில் வரும் தெய்வங்கள், முனிவர்கள், அரசர்கள், புலவர்கள், ஊர்கள் முதலிய பெயர்களையெல்லாம் அகரவரிசைப்படுத்தி, ஒவ்வொன்றற்கும் விளக்கம் எழுதிவந்தார். தனியொருவர் பல்லாண்டுகள் உழைத்த உழைப்பு அது. மாணவன் ஒருவன் பாட்டில் ஒரு முனிவரின் பெயரைக் கண்டு ஐயுற்றால், அதுவரையில் ஆசிரியரைத்தான் கேட்கவேண்டும். ஆசிரியர் அறியாராயின் ஐயம் ஐயமாகவே நிற்கும். இந்நூல் கையிலிருந்தாலோ எழுத்து முறைப்படி ஏட்டைப் புரட்டித் தானே காணலாம். இத்துணைப் பயனுடைய நூலை அச்சிடப் பொருளுடையார் பலர் முன்வரவில்லை. முதலியார் மனம் தளர்ந்திருந்த வேளையில் தேவர் அதனை அறிந்து, சங்கத்தின் வாயிலாக வெளியிட ஏற்றுக்கொண்டார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் 1910-இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை தொகுத்த தமிழ்ச் சொல்லகராதியின் முதற்பகுதியும் அவ்வாண்டிலேயே சங்கத்தின் வெளியீடாயிற்று.

நாட்டுப் பணியிலும் தேவர் பின்நிற்கவில்லை. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கழகத்தைத் தொடங்கியபோது, அதன் தலைவராக இருந்து பொருளும் அளித்தார். அவ்வரலாறு தனியே விரித்துரைக்கத் தக்கது.

1911-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், தம் நாற்பத்து நான்காம் வயதில் தேவர் காலமானார். சொல்லகராதியின் முதற்பகுதி ஒன்றையே அவர் அச்சிற் கண்டார். இரண்டாம் பகுதி 1912-லும் மூன்றாம் பகுதி 1923-லும் வெளிவந்தன. சிங்காரவேலு முதலியார் அபிதான சிந்தாமணியில் மேலும் பல செய்திகளைச் சேர்த்துவந்து 1931-இல் மறைந்தார். அவ்விரிவுகளோடு கூடிய இரண்டாம் பதிப்பு 1934-இல் வெளியாயிற்று.