ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதிய எரிக் வாத்தியார்



விடுமுறை நாளில் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறீர்கள். நடுவர் கிடையாது. ஒருவன் அவுட் என்கிறான்; இன்னொருவன் இல்லவே இல்லை என்கிறான். வாய்ச்சண்டை கைச்சண்டை ஆகிறது. கடைசியில், மட்டை யாருடையதோ அவன் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். ஆட்டம் அதோடு சரி! உங்களுக்கும் இது நடந்திருக்கும்தானே?

சுமார் 80 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் ஒரு சிறை முகாமிலும் பிள்ளைகளிடையே இப்படி ஒரு சண்டை நடந்தது. அதைத் தீர்த்துவைக்க விசிலோடு வந்தவர் யார் தெரியுமா? ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற எரிக் லிடெல்!

எரிக்கின் பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். கிறிஸ்தவ ஊழியத்துக்காகச் சீனாவில் தங்கியிருந்தார்கள். அங்குள்ள தியான்ஜின் நகரில் 1902 ஜனவரி 16-ஆம் நாள் எரிக் பிறந்தார். ஆறு வயதானபோது, அண்ணன் ராபுடன் அவரை இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். பெற்றோர் சீனாவுக்குத் திரும்பிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் கடல் கடந்து இருக்க, பள்ளியே அந்தச் சிறுவனுக்கு வீடானது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்கிறேன்.

எரிக் வளர்ந்து எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்தார். ரக்பி ஆட்டத்தில் ஸ்காட்லாந்து அணிக்காக ஏழு முறை ஆடினார். ஓட்டத்தில் அவரைப் பிடிக்கவே முடியாது! ஓடும்போது தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடி ஓடுவார். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால், முதலில் வந்து சேருவது அவர்தான்.

1923-இல் இங்கிலாந்தில் 440 கெஜ ஓட்டப் பந்தயம் ஒன்று நடந்தது. ஓடத் தொடங்கிய சில அடிகளிலேயே இன்னொரு வீரர் மோதி, எரிக் புல்தரையில் விழுந்துவிட்டார். எழுவதற்குள் மற்றவர்கள் சுமார் 20 கெஜம் முன்னால் போய்விட்டார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எரிக் எழுந்து ஓடினார். ஒவ்வொருவராகத் தாண்டினார். பந்தயத்தையும் வென்றார்!

அடுத்த ஆண்டு பாரிஸ் நகரில் ஒலிம்பிக் போட்டி. 100 மீட்டரில் எரிக் தங்கம் வாங்குவார் என்று நாடே எதிர்பார்த்தது. ஆனால், அதன் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று தெரியவந்தது. ஞாயிறு கடவுளுக்கு உரிய நாள், அன்று விளையாடுவதில்லை என்பது எரிக்கின் உறுதி. ஆகவே, 100 மீட்டரில் ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பலர் குறை கூறினார்கள். அவர் மாறவில்லை. யாரோடும் சண்டை போடவும் இல்லை. 400 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்தார்.

1924 ஜூலை 11. 400 மீட்டர் இறுதிச் சுற்று. எரிக்குக்குக் கிடைத்தது கடைசி வெளித்தடம். அங்கிருந்து ஓடினால் போட்டியாளர்கள் எங்கே வருகிறார்கள் என்று பார்க்க முடியாது. தொடக்கத்திலிருந்தே முழு வேகத்தில் பறந்தார். 47.6 விநாடிகளில் ஓடி முடித்துத் தங்கம் வென்றார். அது புதிய ஒலிம்பிக் சாதனை! 200 மீட்டரிலும் வெண்கலம் கிடைத்தது.

இனி புகழும் பரிசும் வீடு தேடி வரும் அல்லவா? எரிக் என்ன செய்தார் தெரியுமா? மறு ஆண்டே சீனாவுக்குப் போய்விட்டார், பள்ளி வாத்தியாராக!

தியான்ஜினில் ஒரு கல்விக்கூடத்தில் சீன மாணவர்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார். மாலையில் விளையாட்டுப் பயிற்சி கொடுத்தார். அந்த நகரில் ஒரு நல்ல விளையாட்டரங்கம் அமையவும் யோசனை சொல்லி உதவினார். 1934-இல் ஃப்ளாரன்ஸ் என்பவரை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். பிறகு, அண்ணன் ராப் டாக்டராக இருந்த கிராமப் பகுதிக்குச் சென்று, சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஏழைகளுக்கு உதவினார்.

அப்போது சீனாவில் போர் மூண்டிருந்தது. ஜப்பானியப் படைகள் ஊர்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. 1941-இல், கர்ப்பமாக இருந்த மனைவியையும் இரு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாவது மகள் அங்கே பிறந்தாள். அந்தக் குழந்தையின் முகத்தை எரிக் கடைசிவரை நேரில் பார்க்கவே இல்லை.

1943 மார்ச்சில் எரிக்கையும் மற்ற வெளிநாட்டவர்களையும் ஜப்பானியர்கள் வெய்ஷியன் என்ற ஊரில் ஒரு முகாமில் அடைத்தார்கள். சுற்றிலும் மதில், காவல் வீரர்கள். அந்தச் சிறிய இடத்தில் 1500 பேருக்கு மேல் நெருக்கியடித்து இருந்தார்கள். போதிய உணவு இல்லை.

சில மாதங்களில் ஒரு விடுதிப் பள்ளியின் பிள்ளைகளும் ஆசிரியர்களோடு அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பலருடைய பெற்றோர் எங்கோ தொலைவில் இருந்தார்கள். ஆறு வயதில் விடுதியில் விடப்பட்ட ஒரு சிறுவனை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அந்தப் பிள்ளைகளின் ஏக்கம் எரிக்குக்குப் புரியாமல் இருக்குமா?

அவர்களுக்குக் கணக்கும் அறிவியலும் கற்றுக்கொடுத்தார். ஆய்வகம் இல்லை; பாடப் புத்தகம் போதவில்லை. சோதனைக் கருவிகளைக் கையாலேயே படம் வரைந்து, வேதியியல் பாடத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார். ஓட்டப் பந்தயம், கால்பந்து, ஹாக்கி என்று மாலை நேரங்களில் ஆட்டங்கள் நடத்தினார். ஹாக்கி மட்டை உடைந்தால், படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டிச் சரிசெய்வார். வயதானவர்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுப்பார். பிள்ளைகள் அவரை எரிக் மாமா என்றே அழைத்தார்கள்.

ஆனால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. அது எரிக் மாமாவின் பழைய உறுதி. ஒரு ஞாயிறு, பொழுது போகாத பிள்ளைகள் நடுவர் இல்லாமல் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். முடிவு? நம் தெருக் கிரிக்கெட் கதைதான்! ஆட்டம் அடிதடியில் முடிந்தது.

எரிக் கோபித்தாரா? தண்டித்தாரா? இல்லை. அடுத்த ஞாயிறு பிள்ளைகள் மட்டையோடு வந்தபோது, விசிலுடன் அவரும் வந்து நின்றார். ஆட்டத்தை நடத்திவைத்தார்!

நன்றாக யோசித்துப் பாருங்கள். ஒலிம்பிக் பந்தயத்துக்காக, நாட்டுப் பெருமைக்காக, ஊர் பேச்சுக்காக விட்டுக்கொடுக்காத உறுதி அது. அதைப் பெற்றோர் அருகில் இல்லாத பிள்ளைகளுக்காகத் தளர்த்திக்கொண்டார். தனக்கென்று வைத்திருந்த கட்டுப்பாட்டைவிட, பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் விளையாடுவது அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு, அவருடைய தங்கப் பதக்கத்தைவிட இந்த விசில்தான் உயர்வாகத் தோன்றுகிறது.

1945-இன் தொடக்கத்தில் எரிக்குக்குக் கடுமையான தலைவலி வந்தது. மூளையில் கட்டி என்பது முதலில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு சிறுவனின் காலணி கிழிந்துபோயிருந்தது. எரிக் தம்முடைய பழைய ஓட்டக் காலணிகளை நூலால் தைத்துச் சரிசெய்து, அவனிடம் கொடுத்தார். அடுத்த சில வாரங்களில், 1945 பிப்ரவரி 21 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 43.

அவரது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் காலணி பெற்ற அந்தச் சிறுவனும் ஒருவன். முகாமின் பள்ளிப் பிள்ளைகள் வழியில் இருபுறமும் அணிவகுத்து நின்று மரியாதை செய்தார்கள். ஆறு மாதம் கழித்து, 1945 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்க வீரர்கள் பாராசூட்டில் வந்திறங்கி முகாமை விடுவித்தார்கள். அதைப் பார்க்க எரிக் மாமா இல்லை.

காலணி பெற்ற சிறுவன் என்ன ஆனான் தெரியுமா? பகைவருக்காகவும் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று எரிக் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். பெரியவனான பிறகு அவர் ஜப்பானுக்கே சென்று, அந்த மக்களுக்கு நெடுங்காலம் தொண்டு செய்தார்!

எரிக்கின் ஒலிம்பிக் ஓட்டத்தை வைத்து 1981-இல் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற திரைப்படம் வந்தது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. முகாம் இருந்த இடத்தில், ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுசென்ற கல்லில் 1991-இல் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

செல்வங்களே, உங்கள் பள்ளியிலும் வெயிலில் நின்று விசில் ஊதும் விளையாட்டு ஆசிரியர் ஒருவர் இருப்பார். அடுத்த முறை ஆட்டம் முடிந்ததும் அப்படியே ஓடிவிடாதீர்கள். பந்தையும் மட்டையையும் எடுத்து அறையில் வைக்க அவருக்குக் கொஞ்சம் கைகொடுங்கள். செய்வீர்கள்தானே?