பதிவேட்டில் இடம்பெறாத பெண்கள்

'கைவிளக்கேந்திய காரிகை' என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேலைப் பாடநூல்களில் படித்திருக்கிறோம். காயமுற்ற வீரர்களின் படுக்கைகளுக்கிடையே அவர் நடந்ததை உலகம் மறக்கவில்லை. அதே மருத்துவமனையின் நிலவறைகளில் கிடந்த வீரர்களின் மனைவியரைத்தான் மறந்துவிட்டது.

1820 மே 12 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், வசதிமிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர் நைட்டிங்கேல். குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறிச் செவிலியரானார். கிரீமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்றார்.

அன்றைய பிரிட்டிஷ் படையில் மிகச் சில வீரர்களே மனைவியை உடன் அழைத்துச் செல்லலாம். யார் செல்வது என்பதைத் திருவுளச் சீட்டு முடிவு செய்தது. கணவர்கள் போர்முனைக்குச் சென்றபின், இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஸ்குட்டாரியின் இருண்ட, ஈரம் கசிந்த நிலவறைகளில் தங்கினர். குழந்தைகள் அங்கேயே பிறந்தன. காய்ச்சலும் அங்கேயே பரவியது. அவர்களுக்குப் பொறுப்பேற்க அதிகாரிகள் எவருமில்லை.

நைட்டிங்கேலுக்கும் வீரர்களே முதற்கடமை. எனினும் அப்பெண்களை அவர் கைவிடவில்லை. உதவ முன்வந்த அலிசியா பிளாக்வுட் சீமாட்டியிடம் அவர்களை ஒப்படைத்தார். அவர்களுக்கெனத் தனி மருத்துவ ஏற்பாடு உருவாயிற்று. மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் பணியில் சிலருக்கு ஊதியமும் கிடைத்தது.

நாடு திரும்பியபின், 1860-களில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பேறுகாலப் பணிப்பெண்களுக்கான பயிற்சிக்கு வழிவகுத்தார். அங்கே பிரசவக் காய்ச்சல் தாய்மார்களைப் பலிகொள்ளவே, 1867-இல் அப்பிரிவு மூடப்பட்டது. தாம் முன்னின்று தொடங்கியதே தாய்மார்களுக்கு ஆபத்தானதை அவர் மறைக்கவில்லை, கணக்கெடுக்கத் தொடங்கினார். 1871-இல் வெளியிட்ட நூலில், படைவீரர் மனைவியருக்கான பிரசவ விடுதிகளின் பதிவுகளையும் சேர்த்து ஆராய்ந்தார். வீட்டில் பிரசவித்த தாய்மார்களில் ஆயிரத்துக்கு ஐவர் அளவில் இறக்க, அவரது பிரிவில் ஆயிரத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். நெரிசலற்ற சிறு விடுதிகளை அவர் வலியுறுத்தியது இதனால்தான்.

1910 ஆகஸ்ட் 13 அன்று, 90 வயதில், அவர் மறைந்தார்.

இன்று படைவீரரின் மனைவி நிலவறையில் வாழ்வதில்லை. ஆயினும் கணவருக்கு இடமாற்றம் வரும்போதெல்லாம் கருவுற்ற பெண்ணின் மருத்துவரும் மாறுகிறார். எல்லையோர முகாமில் மகளிர் மருத்துவருக்காக நெடுந்தொலைவு பயணம் செய்ய நேர்கிறது. படையின் மருத்துவத் திட்டம் வீரரோடு நின்றுவிடாமல், அவர் குடும்பத்துப் பெண்களையும் முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். எண்ணப்படாதவரின் துயர் எந்த அரசின் கண்ணுக்கும் தெரியாது. நைட்டிங்கேலின் வாழ்க்கை உணர்த்தும் பாடம் இதுவே.