தோற்ற அணியில் ஒரு வீரர்

இரண்டாமாண்டு இளங்கலை வரலாற்று மாணவன்

வென்றவர்க்கு மாலை சூட்டுவது உலக வழக்கம். தோற்றவரை ஏசுவது அவ்வழக்கத்தின் மறுபக்கம். அப்படி ஏசியவர்களுள் நானும் ஒருவனாக நின்ற ஒரு நாளை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நாள் வந்திராவிட்டால், இக்கட்டுரையில் வரும் பெரியவரின் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

நம் கல்லூரிக் கிரிக்கெட் அணி இவ்வாண்டு ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. கடைசி ஆட்டம் பெரம்பலூரில் நடந்தது. அரியலூரிலிருந்து நாங்கள் பதினைந்து பேர் பேருந்தேறி, இந்த ஒன்றிலாவது வெல்வார்கள் என்ற நம்பிக்கையோடு போனோம். உணவு இடைவேளைக்கு முன்பே ஐந்து விக்கெட்டுகள் சரிந்தன. ஆறாவதாக வந்த மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் மட்டும் நிதானமாக நின்று 31 ஓட்டங்கள் எடுத்தார். மரத்தடியில் நின்ற எங்களுக்கோ அந்த நிதானமே எரிச்சலாக இருந்தது. ஊளையிட்டோம், வீட்டுக்குப் போகச் சொன்னோம். எல்லாரினும் உரக்கக் கத்தியவன் நான்தான். மாலையில் திரும்பும் பேருந்தில் அவர் என் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தார். ஊர் வந்து சேரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

மறுநாள் உடற்கல்வி இயக்குநர் என்னை அழைத்தார். கண்டிப்பார் என்று நினைத்தேன். அவரோ, வரலாறு படிக்கிற பிள்ளை 1936ஆம் ஆண்டின் கிரிக்கெட் வரலாற்றையும் படித்துவிட்டு வரட்டும் என்று மட்டும் சொல்லி, கோட்டா ராமசாமி என்ற பெயரை ஒரு தாளில் எழுதித் தந்தார். அந்தத் தாளோடு நூலகத்துக்குச் சென்றேன்.

பிறப்பும் வளர்ப்பும்

கோட்டா ராமசாமி 1896ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் பிறந்தார். தந்தை புச்சி பாபு நாயுடு. சென்னையில் இந்தியர்கள் கிரிக்கெட் ஆட வழிவகுத்தவர் என்று போற்றப்படுபவர் அவர். அன்றைய சேப்பாக்கத்துக் கிரிக்கெட் கழகம் வெள்ளையர்க்கே உரியதாக இருந்தது. இந்தியர்களுக்கென்று ஒரு கழகம் வேண்டும் என்று எண்ணிய புச்சி பாபு, 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். இந்தியரும் ஐரோப்பியரும் எதிரெதிரே நின்று ஆட வேண்டும் என்பது அவர் கனவு. அது நிறைவேறுமுன் 1908இல் அவர் மறைந்தார். ராமசாமிக்கு அப்போது வயது பன்னிரண்டு. வேறு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதால் அவர் பெயருக்கு முன் கோட்டா என்ற குடும்பப் பெயர் அமைந்தது.

தந்தை கண்ட கனவு 1915இல் நனவாயிற்று. இந்தியர்க்கும் ஐரோப்பியர்க்கும் இடையிலான மாகாண ஆட்டம் தொடங்கியது. பின்னாளில் பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் சென்னை மக்கள் திரண்டு கண்டுகளித்த ஆட்டம் இதுவே. மகன் ராமசாமியும் அப்பருவத்திலேயே முதல்தர ஆட்டத்தில் இறங்கினார். இடக்கையால் மட்டை பிடித்து ஓங்கி அடிப்பவர் அவர்.

பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயிலச் சென்றார். அங்கே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது டென்னிஸ். 1922இல் டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியாவின் சார்பில் ஆடினார். அவ்வாண்டு இந்திய அணி பிரிஸ்டல் நகரில் ருமேனியாவை வென்று, அடுத்த சுற்றில் ஸ்பெயினிடம் தோற்றது. தாயகம் திரும்பியபின் சென்னை மாகாண வேளாண்மைத் துறையில் அலுவலரானார். பணிக்கிடையே கிடைத்த நேரத்தில் டென்னிஸும் கிரிக்கெட்டும் ஆடினார். இப்படியே வாழ்க்கை கழிந்துவிடும் என்றுதான் எவரும் எண்ணியிருப்பர். நாற்பதாம் வயதில்தான் அவருக்கு உண்மையான சோதனை வந்தது.

தோல்வியின் ஆண்டு

1936இல் இந்திய அணி இங்கிலாந்துக்குப் பயணமானது. சி. கே. நாயுடு, விஜய் மெர்ச்சன்ட், முஷ்டாக் அலி, அமர் சிங், முகமது நிசார், லாலா அமர்நாத் என்று திறமைக்குக் குறைவில்லாத அணி. ஆனால் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் விஜயநகரத்து இளவரசர். ஆட்டத்திறனைவிடச் செல்வமும் செல்வாக்குமே அவருக்கு அப்பதவியைத் தந்தன. மூன்று டெஸ்டுகளிலும் சேர்த்து அவர் எடுத்தவை 33 ஓட்டங்களே. அவரைச் சார்ந்தவர்கள் என்றும், நாயுடுவைச் சார்ந்தவர்கள் என்றும் அணி இரண்டுபட்டது.

முதல் டெஸ்டுக்குச் சில நாட்களுக்கு முன், அணியில் மிக நன்றாக ஆடிக்கொண்டிருந்த அமர்நாத், ஒழுங்கு மீறினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார். செய்தி கேட்டு நாடெங்கும் ரசிகர்கள் கொதித்தனர். அந்தக் கொதிப்பு அடங்குமுன் லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட் வந்தது. முதல் இன்னிங்ஸில் இந்தியா 147 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அமர் சிங் 35 ஓட்டங்கள் கொடுத்து ஆறு விக்கெட்டுகளைச் சாய்க்க, இங்கிலாந்து 134 ஓட்டங்களில் சுருண்டது. வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. ஆனால் இரண்டாம் இன்னிங்ஸில் இந்தியா 93 ஓட்டங்களே எடுத்து, ஒன்பது விக்கெட்டுகளில் தோற்றது. ஒவ்வொரு நாளும் செய்தித்தாளை விரித்தவர்களின் ஏமாற்றம் எத்தகையது என்று எண்ணிப் பார்த்தேன். பெரம்பலூர் மரத்தடியில் நாங்கள் பட்ட ஏமாற்றம் அதன் முன் ஒரு துளி.

ராமசாமி முதல் டெஸ்டில் இடம்பெறவில்லை. ஜூலை 25ஆம் நாள் மான்செஸ்டரில் தொடங்கிய இரண்டாம் டெஸ்டில்தான் அவருக்கு வாய்ப்பு வந்தது. அன்று அவருக்கு நாற்பது வயது நிறைந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. இந்தியாவுக்காக அவரினும் மூத்த வயதில் முதல் டெஸ்ட் ஆடியவர் ருஸ்தம்ஜி ஜம்ஷெட்ஜி ஒருவரே. சகவீரர் பலர் அவருக்குப் பத்து, இருபது வயது இளையவர்கள்.

முதல் இன்னிங்ஸில் இந்தியா 203 ஓட்டங்களில் அடங்கியது. ராமசாமி 40 எடுத்தார். இங்கிலாந்து 571 ஓட்டங்களைக் குவித்தது. 368 ஓட்டங்கள் பின்தங்கிய நிலையில் மெர்ச்சன்ட்டும் முஷ்டாக் அலியும் களமிறங்கி, முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்தனர். முஷ்டாக் அலி 112, மெர்ச்சன்ட் 114. ஆட்டத்தின் இரண்டாம் நாளில் மட்டும் இரு அணிகளும் சேர்ந்து 588 ஓட்டங்கள் எடுத்தன. டெஸ்ட் வரலாற்றில் ஒரே நாளில் எடுக்கப்பட்ட மிக அதிக ஓட்டங்கள் அவை. இரு சதங்களையும் உலகம் இன்றும் பேசுகிறது. அவற்றின் நிழலில் ராமசாமி எடுத்த 60 ஓட்டங்களைப் பேசுவார் குறைவு. ஆனால் சதங்களோடு அந்த அறுபதும் சேர்ந்துதான் தோற்க வேண்டிய ஆட்டத்தைச் சமன் செய்தது.

மூன்றாம் டெஸ்ட் ஆகஸ்ட் 15ஆம் நாள் இலண்டன் ஓவல் மைதானத்தில் தொடங்கியது. ஹாமண்ட் 217 ஓட்டங்கள் அடித்தார். இந்தியா மீண்டும் ஒன்பது விக்கெட்டுகளில் தோற்றது. அதில் ராமசாமி எடுத்தவை 29 ஓட்டங்களும், ஆட்டமிழக்காமல் 41 ஓட்டங்களும். இரண்டு டெஸ்டுகளில் மொத்தம் 170. சராசரி 56க்கும் மேல். பிளவுபட்ட அணியில், தோற்றுக்கொண்டிருந்த பருவத்தில், நாற்பது வயது மனிதர் ஒருவர் ஆடிய நான்கு இன்னிங்ஸில் ஒன்றில்கூட வீணாகத் திரும்பவில்லை.

அதே நாள், வேறொரு களம்

அந்த ஆகஸ்ட் 15ஆம் நாளைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அதே நாளில் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டத்தில் தியான்சந்த் தலைமையில் இந்தியா ஜெர்மனியை 8க்கு 1 என்று வென்று தங்கம் பெற்றது. அந்த ஹாக்கி அணியோடு செல்லத் தகுதி பெற்றிருந்தும், கிரிக்கெட் அணியைத் தேர்ந்தெடுத்து இங்கிலாந்துக்கு வந்தவர் செங்கற்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் பிறந்த எம். ஜே. கோபாலன். ராமசாமியைப் போலவே இரண்டு விளையாட்டுகளில் நாட்டுக்காக ஆடியவர். அப்பயணத்தில் ஒரு டெஸ்டிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரே அணியில் சென்ற இரு சென்னை வீரர்களில் ஒருவருக்கு வாய்ப்பு நாற்பது வயதில் வந்தது. மற்றவருக்குத் தங்கமும் போயிற்று, டெஸ்டும் போயிற்று. தோற்ற அணியில் எத்தனை விதமான துயரங்கள் இருக்கக்கூடும் என்பதை மரத்தடியில் நின்று கத்துகிறவன் அறிவதில்லை.

பின்னாளில்

அணி திரும்பியபின் பம்பாய்த் தலைமை நீதிபதி பியூமாண்ட் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 1937இல் அக்குழு அமர்நாத் மீதான குற்றச்சாட்டை ஏற்காமல், தலைவரின் நடத்தையையே குறை கூறியது. பின்னர் உலகப்போர் வந்தது. இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946இல்தான். ராமசாமிக்கு அப்போது ஐம்பது வயது. ஆகவே அந்த இரண்டு டெஸ்டுகளோடு அவர் கணக்கு முடிந்தது.

1932இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய இந்தியா, தன் முதல் வெற்றியை 1952 பிப்ரவரியில், 25ஆவது டெஸ்டில்தான் கண்டது. இருபது ஆண்டுக் காத்திருப்பு! அந்த வெற்றி கிடைத்த இடம், ஒரு காலத்தில் ராமசாமியின் தந்தைக்குக் கதவடைத்த சேப்பாக்கம் என்பதை எண்ணும்போது நெஞ்சு நிறைகிறது. அடுத்த பருவத்தில், 1952-53இல், மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற இந்திய அணிக்கு ராமசாமி மேலாளராகச் சென்றார். ஐந்து டெஸ்டுகளில் ஒன்றில் தோல்வி, நான்கு சமன். அதுவும் தோற்ற பயணம்தான். ஆனால் இரண்டுபட்டுத் திரும்பிய பயணம் அன்று.

முதுமையில் தம் விளையாட்டு வாழ்வை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். 1985 அக்டோபரில், எண்பத்தொன்பதாம் வயதில், ஒரு நாள் அடையாற்று வீட்டிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவேயில்லை. தேடியும் கிடைக்கவில்லை. அவர் பிறந்த நாள் ஏடுகளில் உண்டு; இறந்த நாள் உறுதியாக எந்த ஏட்டிலும் இல்லை. அந்த 40, 60, 29, 41 மட்டும் ஆட்டக் குறிப்பேட்டில் அழியாமல் இருக்கின்றன.

நான் கற்றது

நண்பர்களே! அணி தோற்றால் ரசிகன் வருந்துவது இயல்பு. கேள்வி கேட்பதும் அவன் உரிமை. 1936இல் ரசிகர்கள் எழுப்பிய கேள்வியில்தான் விசாரணையே பிறந்தது. ஆனால் எதைக் கேட்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று அறிந்து கேட்க வேண்டும். நம் அணிக்கு வலைப்பயிற்சிக்கு வலை உண்டா, பயிற்சிக்கு வர நேரம் உண்டா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நின்று ஆடிய ஒருவரைப் பார்த்து ஊளையிடத்தான் எனக்குத் தெரிந்தது. நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி உழவர் மழை பொய்த்த ஆண்டில் மானாவாரிக் காட்டைச் சபித்துவிட்டுப் போவதில்லை. அடுத்த மழைக்கு விதையைப் பத்திரப்படுத்துகிறார்கள். அவர்கள் பிள்ளைகளாகிய நமக்கு அது தெரியாமல் போகலாமா?

சென்ற வாரம் அறிவிப்புப் பலகையில் அடுத்த ஆண்டு அணிக்குப் பெயர் கேட்டு ஒரு தாள் ஒட்டப்பட்டது. நான் பார்த்தபோது அதில் நான்கு பெயர்களே இருந்தன. பதினொரு பெயர் சேராவிட்டால் அடுத்த ஆண்டு நமக்கு அணியே இல்லை என்று உடற்கல்வி இயக்குநர் சொன்னார். எனக்கு மட்டை பிடிக்கத் தெரியாது. ஓட்டக் கணக்கு எழுத ஆள் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றார். அந்த மூன்றாமாண்டு அண்ணனிடம் சென்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, குறிப்பேட்டில் எப்படி எழுதுவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டேன். முதல் பாடமாக அவர் எடுத்து விரித்தது பெரம்பலூர் ஆட்டத்தின் பக்கத்தை. அதில் 31 என்ற எண் தெளிவாக இருந்தது.

தாளில் இன்னும் இடம் இருக்கிறது, நண்பர்களே. பெயர் எழுத வாருங்கள்.